மார்ச் மாதத்து முழங்கை

மே மாத வெயிலில் ஃபுல் ஸ்லீவ் சட்டை போட்டு, மணிக்கட்டு பட்டன் வரை மாட்டிக்கொண்டு, விழுப்புரம் - பாண்டிச்சேரி பஸ்ஸில் ஒருத்தன் தொங்கிக்கொண்டு போகிறான். நீங்கள் என்ன நினைப்பீர்கள்? 'பாவம், இன்டர்வியூ போல' என்று நினைப்பீர்கள். அல்லது 'இன்ஷூரன்ஸ் பிடிக்க வருகிறான்' என்று பயந்து ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது போல நடிப்பீர்கள்.

இரண்டும் இல்லை ஸார். அவன் நான்தான். முழங்கையை மறைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் ஊர் தெரியும். திருவாண்டார்கோயில். பாண்டிச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டில், வில்லியனூர் தாண்டி வரும். ஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். தேவாரத்தில் ஊர்ப் பெயர் வடுகூர். வடுக பைரவரால் வந்த பெயர் என்பார்கள் பெரியவர்கள். எனக்கென்னவோ அந்தப் பெயருக்குள் ஒரு 'வடு' ஒளிந்துகொண்டிருப்பதுதான் கண்ணில் படும். (தமிழாசிரியர்கள் பிரம்போடு வர வேண்டாம். இது என் சொந்தச் சரக்கு.)

வடு என்றால் உங்களுக்குத் தெரியும். என்னுடையது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

நான் கணக்குப் பிள்ளை. பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம், அடுத்த இன்கிரிமென்ட் பாக்கி இருக்கிறது. கணக்குப் பிள்ளைக்கு வருஷத்தில் பதினோரு மாதம்தான் வாழ்க்கை. மார்ச் கிடையாது. மார்ச்சில் இயர் எண்டிங், ஸ்டாக் சரிபார்ப்பு, டாலி ஆகாத பாலன்ஸ் ஷீட், ஜிஎஸ்டி, அதற்கு மேல் ஆடிட்டர். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தால் கனவில் டெபிட்டும் கிரெடிட்டும் கபடி ஆடும்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்படி ஒரு மார்ச்சில் வலது முழங்கையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பாக ஒரு தடிப்பு. மேலே வெள்ளி ஜரிகை ஒட்டின மாதிரி செதில். சொரிந்தால் மாவாக உதிரும். மேஜையில் கையை ஊன்றி எழுதுகிறோமே, காய்ப்பு போல என்று விட்டுவிட்டேன். ஏப்ரலில் ஆடிட்டர் போனார், கூடவே அதுவும் போயிற்று. அடுத்த மார்ச்சில் இரண்டு முழங்கை. அதற்கடுத்த மார்ச்சில் இரண்டு முழங்கை, முட்டி, தலை. இந்த முறை ஆடிட்டர் போன பிறகும் அது போகவில்லை. மே வந்தும் உட்கார்ந்திருந்தது.

கறுப்புச் சட்டை போடுவதை நிறுத்தினேன். தோளில் உதிர்வதைப் பார்த்து ஆபீஸில் ஒரு நண்பர், "என்னப்பா, பார்ட் டைமா மாவு மில்லுல சேர்ந்துட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை.

அப்புறம் அந்த பஸ் சம்பவம். வழக்கத்துக்கு மாறாக உட்கார இடம் கிடைத்தது. புழுக்கம் தாங்காமல், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஸ்லீவை மடக்கிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். "இன்னா தம்பி இது? ஒட்டுமா?" என்றார். "இல்லீங்க" என்றேன். "இல்ல, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, வில்லியனூரில் எழுந்தார். இறங்கத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டு வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

பஸ் முழுக்கக் கூட்டம். என் பக்கத்து சீட் மட்டும் காலி. ரொம்ப நாள் ஆசை, விசாலமாக உட்கார்ந்து போக வேண்டும் என்று. அன்றைக்கு நிறைவேறியது.

* * *

சாயங்காலம் நேராக ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். கையைக் காட்டினேன். கடைக்காரர் ஒரு விநாடிகூட யோசிக்காமல் ஒரு டியூப் எடுத்து வைத்தார். "ரெண்டு வேளை தடவுங்க. மூணு நாள்ல பாருங்க."

பார்த்தேன். அற்புதம்! சிவப்பு இல்லை, செதில் இல்லை, அரிப்பு இல்லை. நாலாம் நாள் அரைக்கை சட்டை போட்டு ஆபீஸ் போனேன். இரண்டு வாரம் ராஜா மாதிரி இருந்தேன். டியூப் தீர்ந்தது. நிறுத்தினேன். பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. தனியாக வரவில்லை, சொந்தபந்தங்களோடு வந்தது. மறுபடி டியூப். மறுபடி ராஜா. மறுபடி சொந்தபந்தம். நாலாவது டியூப் வாங்கப் போனபோதுதான் என் மனைவி டியூபைப் பிடுங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்றாள். படிக்கத் தெரிந்தவளைக் கட்டிக்கொண்டால் இப்படிப்பட்ட இடைஞ்சல்கள் உண்டு.

அவள் சொன்னது சரி. அந்த டியூபில் இருந்தது ஸ்டீராய்டு. நல்ல மருந்துதான், டாக்டர் சொல்லி, சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை தடவினால். நாமாகத் தடவினால் தோல் மெலிந்து போகும். திடீரென்று நிறுத்தினால் வியாதி இரண்டு மடங்காகத் திரும்பலாம். படர்தாமரை மேல் தடவினாலோ, காளான் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி. இந்தியா முழுக்க இந்தக் கூத்து நடந்து, தோல் டாக்டர்கள் சங்கம் கத்திக் கத்தி, 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. சட்டம் பட்டியலில் இருக்கிறது. டியூப் கவுன்ட்டரில் இருக்கிறது.

மறுநாள் மனைவி என்னை ஒரு தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

* * *

டாக்டரம்மா முழங்கையைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். பிறகு நகத்தைப் பார்த்தார். எனக்கு சந்தேகம், முழங்கையில் வியாதி, நகத்தை எதற்குப் பார்க்கிறார்? நகத்தில் குண்டூசி குத்தினது போலச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை.

"சோரியாஸிஸ்" என்றார். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள்.

"ஒட்டுமா மேடம்?"

"ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. இது கிருமி இல்லை. உங்க உடம்போட காவல் படையே உங்க தோலைப் போட்டு அடிக்குது. சாதாரணமா தோலோட மேல்பக்கம் புதுசாக ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். உங்களுக்கு அஞ்சாறு நாள்லயே ஆயிடுது. பழசு உதிர்றதுக்குள்ள புதுசு வந்து முட்டுது. அதுதான் செதில்."

எங்கள் ஆபீஸில் பழைய ஃபைலை ஒழிப்பதற்குள் புதிய ஃபைல் வந்து குவிகிற மாதிரி. புரிந்தது.

"வீட்ல வேற யாருக்காவது இருந்ததா?"

"இல்லை மேடம்" என்றேன் பட்டென்று. அப்புறம் ஒரு விநாடி கழித்து, "எங்க மாமாவுக்கு ஏதோ இருந்தது. என்னன்னு தெரியாது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

"எப்பல்லாம் ஜாஸ்தியாகுது?"

"மார்ச்ல."

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மார்ச்ல என்ன விசேஷம்?"

சொன்னேன். இயர் எண்டிங், ஆடிட்டர், கபடி எல்லாம். அவர் சிரிக்கவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சிகரெட் உண்டா, தண்ணி உண்டா, மூட்டு வலி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். (மூட்டு வலி முக்கியமான கேள்வியாம். சோரியாஸிஸ் உள்ளவர்களில் ஒரு பகுதிப் பேருக்கு அது மூட்டுக்கும் போகும். விட்டால் மூட்டு சேதமாகும்.) கடைசியில், "மருந்து எழுதித் தர்றேன். ஆனா மருந்து பாதி. மீதி உங்க மார்ச் மாசம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ இது மனசுல இருக்குன்றீங்களா? கற்பனையா? நான் என்ன பைத்தியமா?"

"தோல்லதான் இருக்கு ஸார். மனசுலேர்ந்து அதுக்கு லைன் போகுது. அவ்ளோதான்."

* * *

அந்த 'லைன்' என் மண்டையைக் குடைந்தது. வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். ஆடிட்டர் கேட்கிற வவுச்சரைத் தேடினதைவிட அதிகமாகத் தேடினேன்.

தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது ஆரம்பத்தில் மூன்று அடுக்காக இருக்கிறது. அதில் வெளி அடுக்கிலிருந்துதான் தோலின் மேல்பக்கமும் வருகிறது, மூளையும் நரம்பும் வருகிறது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பெரியவன் உள்ளே மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டான், சின்னவன் வாசலில் காவல் நிற்கிறான். ஆனால் பேச்சு வார்த்தை நிற்கவில்லை.

1868-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்று ஒரு மருத்துவ மாணவன். வயது 21. மனிதத் தோலில் ஒரு துண்டை எடுத்துத் தங்கச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தான். மேல் தோலுக்குள் கிளை கிளையாகக் கை நீட்டிக்கொண்டு சில செல்கள். நரம்பு மாதிரி இருக்கவே, நரம்பு செல் என்று எழுதிவிட்டான். சுமார் நூறு வருஷம் கழித்துத்தான் அது நரம்பு இல்லை, காவல் படையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. வெளியிலிருந்து யார் வந்தாலும் பிடித்து அடையாளம் காட்டுகிற செக்யூரிட்டி. பையன் தப்பாகச் சொல்லிவிட்டான் என்று முடிவாயிற்று.

கதை அதோடு முடியவில்லை. 1993-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். அந்த செக்யூரிட்டி செல்லின் மேலேயே நரம்பு நுனி வந்து தொட்டுக்கொண்டிருந்தது. நரம்பு விடுகிற ஒரு ரசாயனம் பட்டால் அந்த செல்லின் வேலையே மாறியது. மூளையின் ஆள் வாசல் செக்யூரிட்டியின் காதில் ஏதோ சொல்கிறான்! லாங்கர்ஹான்ஸ் சொன்னது தப்புதான், ஆனால் ரொம்பவும் தப்பில்லை.

இன்னொரு விஷயம் படித்தேன். சோரியாஸிஸ் உள்ள சிலருக்கு விபத்திலோ ஆபரேஷனிலோ ஒரு இடத்துக்குப் போகிற நரம்பு அறுந்து போயிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் செதில் மறைந்து போனதாக டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். லைன் கட், சண்டையும் கட்.

சரி, கவலைப்பட்டால் காவல் படை ஏன் வெறி பிடித்து ஆடுகிறது? இதற்குப் பதில் தேடியதில் நம்ம ஊர்ப் பெயர் ஒன்று கிடைத்தது. ஃபிர்தௌஸ் தாபர். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் 1990-களில் புரூஸ் மெக்யூவன் என்பவரோடு சேர்ந்து எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர். எலியை இரண்டு மணி நேரம் மட்டும் சங்கடப்படுத்தினால், அதன் தோலில் எதிர்ப்பு சக்தி கூடியது. அதையே தினமும் ஆறு மணி நேரம், வாரக் கணக்கில் சங்கடப்படுத்தினால் எதிர்ப்பு சக்தி குறைந்தது.

இதை எங்கள் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். கோயில் திருவிழா. ஒரு நாள் பந்தோபஸ்து. போலீஸ்காரர் விறைப்பாக நிற்பார், ஒரு பிக்பாக்கெட் தப்ப முடியாது. அதே போலீஸ்காரரை லீவு இல்லாமல், தூக்கம் இல்லாமல் மூன்று மாதம் அதே இடத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். திருடன் பக்கத்தில் நின்று கை குலுக்கினாலும் தெரியாது. தேங்காய் உடைக்க வந்த பெரியவரைப் பிடித்து லத்தியால் அடிப்பார். ரோட்டில் லாரி உரசிப் போகிறபோது வருகிற படபடப்பு ஒரு நாள் பந்தோபஸ்து. அது நல்லது. மார்ச் மாதம் மூன்று மாத பந்தோபஸ்து.

பந்தோபஸ்துக்கு உத்தரவு போடுகிறவர் கார்ட்டிஸால் என்கிற ஹார்மோன். சாதாரணமாக அவர்தான் படையை அடக்கியும் வைப்பார். தினமும் கத்திக்கொண்டே இருந்தால் மேனேஜர் பேச்சை யார் மதிக்கிறார்கள்? செல்கள் அவர் சொல்வதைக் கேட்காமல் போகின்றன. இன்னொரு பக்கம் தோலில் உள்ள நரம்பு நுனிகள் சில ரசாயனங்களைக் கக்குகின்றன. பக்கத்திலேயே இருக்கிற மாஸ்ட் செல்கள் வெடித்து ஹிஸ்டமின் கொட்டுகிறது. அரிக்கிறது. சொரிகிறோம். சொரிந்த கோட்டிலேயே புதிதாக ஒரு தடிப்பு கிளம்புகிறது. அதைப் பார்த்துக் கவலை. மறுபடி ஒன்றாம் நம்பரிலிருந்து படிக்கவும்.

* * *

'எலிக்கு சரி, மனுஷனுக்கு?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேஸர், ரொனால்ட் கிளேஸர் என்று ஒரு தம்பதி. மற்றவர்களின் கவலையை அளப்பதே இவர்கள் தொழில். 1998-ல் 11 பல் டாக்டர் மாணவர்களின் வாயின் மேலண்ணத்தில் சின்னதாகக் காயம் உண்டாக்கினார்கள். கோடை விடுமுறையில் ஒரு தடவை, பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் ஒரு தடவை. அதே ஆள், அதே வாய். பரீட்சைக் காயம் ஆற 40 சதவீதம் அதிக நாள் பிடித்தது. பதினோரு பேரில் ஒருத்தருக்குக்கூட பரீட்சைக் காயம் சீக்கிரம் ஆறவில்லை.

2005-ல் அதே குழு 42 தம்பதிகளை எடுத்துக்கொண்டது. கையில் சின்னச் சின்னக் கொப்புளம் உண்டாக்கிவிட்டு, வீட்டுப் பிரச்னையைப் பேசச் சொன்னார்கள். எப்போதும் எகிறிக்கொண்டே இருந்த ஜோடிகளுக்கு, மற்றவர்களுக்கு ஆறுகிற வேகத்தில் 60 சதவீத வேகத்தில்தான் புண் ஆறியது. இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அப்போ இனிமே என் பேச்சுக்கு எதிர்ப் பேச்சு பேசாதீங்க. உங்க உடம்புக்குத்தான் நல்லது" என்றாள். ஆராய்ச்சியை இப்படியும் புரிந்துகொள்ளலாம்.

1995 ஜனவரி 17-ல் ஜப்பானில் கோபே நகரத்தைப் பெரிய பூகம்பம் உலுக்கியது. சோரியாஸிஸ் அல்ல, அதற்குத் தம்பியான அடோபிக் கரப்பான் உள்ளவர்களை அங்கே பிறகு கணக்கெடுத்தார்கள். சேதம் அதிகமான பகுதியில் 100 பேரில் 38 பேருக்கு வியாதி ஏறியிருந்தது. பூகம்பம் எட்டாத பகுதியில் 7 பேருக்கு.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கவலை மட்டும் யாருக்கும் சோரியாஸிஸைக் கொண்டுவந்துவிடாது. பரம்பரையில் விதை இருக்க வேண்டும். அதைக் கிளப்பத் தொண்டைப் புண், சில மாத்திரைகள், புகை, மது என்று பல பேர் காத்திருக்கிறார்கள். கவலை அதில் ஒருத்தர். சிலருக்கு அவர் பெரிய ஆள். சிலருக்கு சம்பந்தமே இல்லை.

மது என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்ட்ரெஸ்ஸைக் குறைக்க எங்கள் பாண்டிச்சேரியில் இருக்கிற ஏற்பாடு உலகப் பிரசித்தம். விழுப்புரம், கடலூர், திண்டிவனத்திலிருந்தெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் கவலையோடு கிளம்பி வருவார்கள். சோரியாஸிஸ் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. மது வியாதியை ஏற்றும். இதற்குக் கொடுக்கிற முக்கியமான மாத்திரை ஒன்றோடு சேர்ந்தால் கல்லீரலுக்கும் கேடு. ஆபீஸ் பார்ட்டியில் நான் இப்போது சோடா. பில் மட்டும் சமமாகப் பிரிக்கிறார்கள், அது ஒரு ஸ்ட்ரெஸ்.

பிறகு எதுதான் கவலையைக் குறைக்கும்? 1998-ல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் என்பவர் சோரியாஸிஸுக்கு ஒளிச் சிகிச்சை எடுத்துக்கொண்ட 37 பேரை வைத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு வெளிச்சப் பெட்டிக்குள் நிற்கும்போது மூச்சைக் கவனிக்கிற தியான கேஸட் போட்டார்கள். பாதிப் பேருக்கு வெளிச்சம் மட்டும். கேஸட் கேட்டவர்களுக்கு ஏறக்குறைய நாலு மடங்கு வேகமாகத் தோல் தெளிந்தது. சின்ன ஆராய்ச்சிதான். ஆனால் கவனியுங்கள்: கேஸட்டும் வெளிச்சமும் சேர்ந்து. வெறும் கேஸட் இல்லை. 'மனசை அமைதியா வெச்சுக்கோ, மருந்தே வேணாம்' என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். மனசைப் பற்றிப் பேசாமல் டியூப் மட்டும் கொடுக்கிறவர்களையும்.

டாக்டரம்மா எனக்குச் சொன்னது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குளித்த ஈரத்தோடு எண்ணெயோ க்ரீமோ தடவு. சொன்ன மருந்தைச் சொன்னபடி போடு. சொரியாதே. ஏழு மணி நேரம் தூங்கு. மார்ச் வேலையை ஜனவரியிலேயே ஆரம்பி. கடைசியாக ஒன்று சொன்னார்: "ஒளிக்காதீங்க. ஒளிச்சு வெக்கறதுதான் உங்களுக்குப் பெரிய ஸ்ட்ரெஸ்."

* * *

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை மாமாவிடம் கொண்டுபோய் விட்டது.

அம்மாவின் தம்பி. பாகூரில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதினார். (கணக்கும் செதிலும் எங்களுக்குப் பரம்பரை.) மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஊர் ஆண்கள் எல்லாம் மோட்டார் கொட்டகையில் கும்மாளமாகக் குளிக்கும்போது அவர் மட்டும் விடியற்காலை நாலு மணிக்கு இருட்டில் குளித்துவிட்டு வந்துவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் வீட்டில் பேச்சை மாற்றுவார்கள்.

எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு டம்ளர் உண்டு. பித்தளை. அடியில் ஒரு நசுங்கல். காப்பி குடித்துவிட்டு அவரே கழுவி, அவரே தனியாகக் கவிழ்த்து வைப்பார். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு நாள் அதில் தண்ணீர் மொண்டு குடிக்கப் போனேன். சாது மனுஷன், பாய்ந்து வந்து பிடுங்கினார். "இது மாமா டம்ளர்டா" என்றார். அதட்டலாகத்தான் சொன்னார். கண் மட்டும் வேறு மாதிரி இருந்தது. மாமா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

டாக்டரிடமிருந்து வந்த அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, மாமாவுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர் கொடுத்தே?" கொஞ்சம் குற்றம் சாட்டுகிற குரலில்தான் கேட்டிருப்பேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நான் எங்கடா குடுத்தேன்? அவனே கேட்டு வாங்கிக்கினான். புள்ளைங்க இருக்கற வீடு, வேணாங்கான்னான். ஒட்டாதுடான்னு சொல்ல எனக்கும் தெரியல."

அவ்வளவுதான். யாருக்கும் தெரியவில்லை. ஒட்டாத ஒரு வியாதிக்கு ஒரு மனுஷர் ஆயுசு முழுக்கத் தன்னைத் தானே தள்ளி வைத்துக்கொண்டார். தள்ளி நின்ற கவலை அவர் தோலில் இன்னும் எவ்வளவு எரிந்திருக்கும் என்று இப்போது கணக்குப் போட முடிகிறது. 2014-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சபை, சோரியாஸிஸ் ஒட்டுவியாதி அல்ல, நாடுகள் இதைக் கவனிக்க வேண்டும், நோயாளிகளை ஒதுக்குவது நிற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வருஷா வருஷம் அக்டோபர் 29-ஐ சோரியாஸிஸ் தினமாக உலகத்தில் கொண்டாடுகிறார்கள். மாமாவுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

* * *

எங்கள் ஆபீஸில் டெஸ்பாட்ச்சில் ஒரு தம்பி. வயது இருபத்தைந்து இருக்கும். நல்ல வேலைக்காரன். தை மாதம் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது. கல்யாண மாப்பிள்ளைக்கு உரிய களை மட்டும் முகத்தில் இல்லை. டீ வந்தால் எல்லோரும் கிடைக்கிற கிளாஸை எடுப்போம். அவன் மட்டும் பையிலிருந்து சொந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து அதில் ஊற்றிக் குடிப்பான். ரொம்ப சுத்தக்காரன் என்று கிண்டல் செய்வோம். நானும் செய்திருக்கிறேன்.

போன திங்கட்கிழமைதான் எனக்கு உறைத்தது. ஃபுல் ஸ்லீவ்.

டீ நேரத்தில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. என் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு மேஜை மேல் ஊன்றி வைத்தேன். மருந்தில் பாதி அடங்கி, மீதி பாண்டிச்சேரி மேப் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சுற்றிலும் பார்த்தான். மெதுவாகத் தன் ஸ்லீவ் பட்டனைக் கழற்றி, ஒரு அங்குலம் தூக்கிக் காட்டிவிட்டு உடனே இறக்கினான்.

"பொண்ணு வீட்ல சொல்லலண்ணே" என்றான். "அஞ்சு டியூப் ஆயிடுச்சு. தை வரைக்கும் தாங்குமான்னு பார்க்கறேன்."

"தாங்காது" என்றேன். "டியூபும் தாங்காது, நீயும் தாங்க மாட்டே. புதன்கிழமை லீவு போடு. டாக்டர்ட்ட நான் கூட வர்றேன். கோரிமேட்டு ஜிப்மர்ல தோல் டிபார்ட்மென்ட் இருக்கு. வெள்ளென போய் சீட்டு போடணும், அவ்ளோதான். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கினு வந்து பொண்ணு வீட்ல நீயே சொல்லு. வேணும்னா அதுக்கும் நான் வர்றேன். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் ஒட்டலைன்றதுக்கு என் பொண்டாட்டியே சாட்சி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். டீயைக் குடிக்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். நான் அதைக் கையிலிருந்து வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

"அண்ணே, அது என் டம்ளர்" என்றான் பதறி.

"தெரியும்பா" என்றேன். "சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி."